மாதம் 200 மேக்னம்: எந்தச் சின்ன ரிவால்வர் தாங்கும்?

டெக்சாஸில் டாலஸுக்குப் பக்கத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நண்பரின் .357 மேக்னம் ரிவால்வரை ஒருமுறை சுட்டுப் பார்த்ததிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. மாதம் இரண்டு தடவை ரேஞ்சுக்குப் போவேன். போகும்போதெல்லாம் 100 மேக்னம் தோட்டாவாவது சுட ஆசை. இடுப்பில் வைத்துக்கொள்ளவும் வேண்டும் என்பதால் சின்னதாகத் தேடுகிறேன். கடைக்காரர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 340பிடி என்று இறகு மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்து, இதுவும் .357தான் என்றார். ரூகர் எஸ்பி101, கிம்பர் கே6எஸ் என்றும் சொல்கிறார்கள். எது பல வருடம் உழைக்கும்?"

முதலில் அந்த இறகைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். அது மோசமான துப்பாக்கி என்பதால் இல்லை. நாள் முழுக்கச் சட்டைப்பையில் கிடந்து, என்றைக்கோ ஒருநாள் தேவைப்படுகிறவர்களுக்காகச் செய்தது. ஸ்கேண்டியம் கலந்த அலுமினிய ஃபிரேம், டைட்டானியம் சிலிண்டர், எடை சுமார் 11.5 அவுன்ஸ். அதாவது முந்நூற்றைம்பது கிராம்கூடக் கிடையாது. உங்கள் கணக்குப்படி மாதம் 200, வருடத்துக்கு 2,400 மேக்னம். அந்தத் துப்பாக்கி தாங்குவதற்கு முன் உங்கள் மணிக்கட்டு தாங்காது.

தோட்டா மாறாமல் இருக்க, துப்பாக்கியின் எடையை மட்டும் பாதியாக்கினால் உதை ஏறத்தாழ இரண்டு மடங்காகும். உதை என்று நான் சொல்வது கையில் வந்து இறங்கும் ஆற்றலை. ரப்பர் பிடி போட்டு அதைக் கொஞ்சம் பரவலாக்கலாம், குறைக்க முடியாது. அதனால் 'சின்னது, லேசானது, அடிக்கடி மேக்னம்' என்ற மூன்றில் ஒன்றை விட்டே ஆக வேண்டும். நீங்கள் விட வேண்டியது லேசு.

லேசான துப்பாக்கியில் இன்னொரு தொல்லையும் உண்டு. உதைக்கும்போது துப்பாக்கி சடாரென்று பின்னால் போகிறது. சிலிண்டரில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் கூட்டை, விளிம்பைப் பிடித்து அது தன்னோடு இழுக்கிறது. ஆனால் கூட்டின் வாயில் செருகியிருக்கும் குண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. விளைவு, குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிலிருந்து வெளியே நழுவுகிறது. நான்காவது, ஐந்தாவது தோட்டா வருவதற்குள் அதன் மூக்கு சிலிண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டு, சிலிண்டரைச் சுழல விடாமல் பூட்டிவிடலாம். கனமான குண்டில் இந்த ஆபத்து அதிகம். சரி, லேசான குண்டு போடலாமே என்றால், 340பிடியின் பேரலிலேயே 120 கிரெயினுக்கு (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குறைந்த குண்டு கூடாது என்று பொறித்திருக்கிறார்கள். டைட்டானியம் சிலிண்டர் சீக்கிரம் அரித்துப் போகும் என்பதுதான் காரணம். இந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது, அந்தப் பக்கம் போனாலும் இடிக்கிறது.

இப்போது தேய்மானத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

.38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு அனுமதித்த அதிகபட்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. 1935இல் வந்த .357 மேக்னத்துக்கு 35,000. குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றே. கூடு மட்டும் மேக்னத்தில் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளம், தெரியாத்தனமாக யாரும் பழைய .38 ரிவால்வரில் அதைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. ஆக .357 ரிவால்வரில் .38 போட்டுச் சுடலாம், மாற்றிச் செய்ய முடியாது.

ரிவால்வரில் சிலிண்டர் வேறு, பேரல் வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் தடிமனுக்கு இடைவெளி இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சிலிண்டர் சுழலாது. குண்டு அந்த இடைவெளியைத் தாண்டிப் பேரலின் பின்வாயில் நுழைகிறது. புனல் போல விரிந்திருக்கும் அந்த வாய்க்கு ஃபோர்சிங் கோன் என்று பெயர். குண்டு இடித்து நுழைவதும் அங்கேதான், எரிந்தும் எரியாததுமான வெடிமருந்துத் துகள் சூடான வாயுவோடு வந்து மோதுவதும் அங்கேதான். மேக்னம் ரிவால்வர் முதலில் நோய்ப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்க எல்லைக் காவல்படையில் இருந்த பில் ஜோர்டானின் யோசனையில், 1955இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் நடுத்தர கே ஃபிரேமில் ஒரு .357 செய்தது. பிற்பாடு மாடல் 19 என்று பெயர் பெற்றது. தினமும் இடுப்பில் சுமக்கும் காவலருக்கு ஏற்ற எடை; .38இல் பயிற்சி செய், பணிக்குப் போகும்போது மேக்னம் போட்டுக்கொள் என்பது எண்ணம். அப்படிப் பயன்படுத்தியவரை ஒரு குறையும் இல்லை. 1970 ஏப்ரலில் கலிபோர்னியாவின் நியூஹாலில் நெடுஞ்சாலைக் காவலர்கள் நான்கு பேர் துப்பாக்கிச் சண்டையில் இறந்தார்கள். அதன் பிறகு காவல்துறைப் பயிற்சி முறைகள் மாறின. எதைச் சுமக்கிறாயோ அதையே பயிற்சியிலும் சுடு என்ற போக்கு பரவியது. அதிலும் 125, 110 கிரெயின் என்று லேசான, வேகமான குண்டுகள் பிரபலமான காலம் அது. கே ஃபிரேமில் சிலிண்டரைத் தாங்கும் கிரேனுக்கு இடம் விடுவதற்காகப் பேரலின் பின்வாய் அடியில் கொஞ்சம் சீவப்பட்டிருக்கும். உலோகம் மெலிந்த அந்த ஆறு மணி இடத்திலேதான் விரிசல்கள் வந்தன.

லேசான குண்டு ஏன் அதிகக் கெடுதல் செய்தது? அது குட்டையாக இருக்கும். சிலிண்டரை விட்டுச் சீக்கிரம் வெளியேறி, பேரலை நிறைத்து அடைப்பதற்கு முன்பே வாயுவை முந்த விடுகிறது. அதற்குப் போடும் மருந்தும் அதிகம், கோனில் மோதும் வேகமும் அதிகம். கனமான 158 கிரெயின் குண்டு கையை நன்றாகத் தள்ளும், ஆனால் கோனிடம் சற்று மரியாதையாக நடந்துகொள்ளும்.

1980களின் தொடக்கத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இதற்கெனவே கொஞ்சம் பெரிய எல் ஃபிரேமைக் கொண்டுவந்தது. அதில் வந்ததுதான் 586, 686. ரூகர் 1985இல் ஜிபி100ஐ இறக்கியது. இரண்டுமே மேக்னத்தை வழக்கமான உணவாகக் கொண்டு வரையப்பட்டவை. உங்களுக்கு என் முதல் தேர்வு இவற்றின் மூன்று அங்குலப் பேரல் வகை: ரூகர் ஜிபி100 அல்லது 686 பிளஸ். எடை 36, 37 அவுன்ஸ், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 686 பிளஸில் ஏழு தோட்டா. 'இதைப் போய்ச் சின்னது என்கிறாரே' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. நல்ல தோல் பெல்ட்டும் இடுப்போடு ஒட்டும் ஹோல்ஸ்டரும் இருந்தால் மூன்று அங்குல ஜிபி100 தளர்வான சட்டைக்குள் மறைந்துவிடும். தொளதொள பெல்ட்டில் தொங்கினால் எந்தத் துப்பாக்கியும் பாரம்தான்.

இரண்டில் எது? ட்ரிகர் இழுப்பின் வழவழப்பு 686இல் ஒரு படி மேல். முரட்டு உழைப்புக்கு ஜிபி100. அதன் ஃபிரேமில் பக்கத் தகடு கிடையாது, இரண்டு பக்கமும் முழு உலோகச் சுவர். உள்வேலை முழுவதும் ஒரு கொத்தாகக் கீழ்வழியாக இறங்கி வரும். கிரேனையும் முன்னால் தனியாகப் பூட்டுகிறார்கள். கழற்றி மாட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு ஜிபி100 மேல் ஒரு பாசம் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை.

அந்த ஒரு கிலோ முடியவே முடியாது என்றால் ரூகர் எஸ்பி101. ஐந்து தோட்டா, ஜிபி100இன் அதே கட்டமைப்பு சிறிய உருவில். வாங்கினால் இரண்டே கால் அங்குலத்தை விட்டுவிட்டு மூன்று அங்குலத்தை எடுங்கள், 27 அவுன்ஸ். குட்டைப் பேரலில் காலிக்கூடுகளைத் தள்ளும் கம்பியும் குட்டையாகிவிடும். நீண்ட மேக்னம் கூடுகளை முழுவதுமாக வெளியே தள்ளாமல், ஒன்றிரண்டை நகத்தால் பிடுங்க வைக்கும். போதாததற்கு மருந்தின் ஒரு பகுதி பேரலுக்கு வெளியே போய் எரியும். காசு கொடுத்து வாங்கிய வேகம் வாசலில் தீப்பந்தாகப் போவதில் என்ன லாபம்?

எஸ்பி101 உங்கள் 2,400ஐத் தாங்கும். ஆனால் நீங்கள் தாங்குவீர்களா என்பது தனிக் கேள்வி. ஒரே நாளில் அதில் 100 மேக்னம் சுட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கிம்பர் கே6எஸ் அழகான வேலைப்பாடு, ஆறு தோட்டா, இரண்டு அங்குலப் பேரலில் 23 அவுன்ஸ். சுமப்பதற்கு நல்லது. கோல்ட் கிங் கோப்ரா மூன்று அங்குலம், 28 அவுன்ஸ், அதுவும் ஆறு தோட்டா. இந்த அளவில் ட்ரிகர் இனிமையானது. இரண்டையும் மாதம் 200 மேக்னத்துக்கு முதலில் சொல்ல மாட்டேன், .38 கலந்து சுடுவீர்கள் என்றால் தாராளமாகச் சொல்வேன். 2014இல் திரும்பி வந்த மாடல் 66இல் பேரலை மாற்றி வடிவமைத்து, அடியில் இருந்த அந்தச் சீவலை எடுத்துவிட்டார்கள், பிறகு 2.75 அங்குலத்திலும் வந்தது. ஜிபி100 கனம், எஸ்பி101 கடுமை என்று திண்டாடுபவருக்கு அது நடுவாந்திரமான வழி.

பழையது வாங்குவதாக இருந்தால் சிலிண்டரைத் திறந்து காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகு, கையோடு ஒரு சின்ன டார்ச்சும், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோர்சிங் கோனின் அடிப்பக்கத்தில் வெளிச்சம் காட்டி விரிசல் தேடுங்கள். சிலிண்டரை மூடி, முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். டக் டக்கென்று ஆடினால் நிறையச் சுட்டிருக்கிறார்கள். சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடைவெளி 0.004 முதல் 0.008 அங்குலம் வரை இருப்பது ஆரோக்கியம். பிறகு சிலிண்டர் மேல் கட்டைவிரலை லேசாக அழுத்தித் தடை கொடுத்தபடி ஹேமரை மெதுவாக இழுங்கள். ஹேமர் நிற்பதற்குள் சிலிண்டர் தன் இடத்தில் க்ளிக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் இதைச் செய்யுங்கள், ஒன்றே ஒன்று பிந்தினாலும் பேரம் பேசுங்கள் அல்லது நடையைக் கட்டுங்கள். இடைவெளிக்கு நேர் மேலே, ஃபிரேமின் மேல்பட்டைக்கு அடிப்புறத்தில் கத்தியால் கீறியது போலக் கோடு தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். வாயு அறுத்த தடம் அது. ஓர் ஆழத்துக்கு மேல் பொதுவாக வளராது.

பராமரிப்பில் இரண்டு விஷயம் போதும். .38 நிறையச் சுட்டால் அறைக்குள், அந்தக் குட்டைக் கூடு முடியும் இடத்தில் ஒரு கரி வளையம் படியும். அப்புறம் மேக்னம் போட்டால் உள்ளே போகாமல் அடம்பிடிக்கும். திணிக்காதீர்கள், பிரஷ் போட்டுத் தேயுங்கள். இரண்டாவது, காலிக்கூடு தள்ளும்போது பேரல் வானத்தைப் பார்க்கட்டும். எங்கள் பட்டறைக்கு ஒருவர் 'டைமிங் போய்விட்டது, பூட்டிக்கொண்டது' என்று ஒரு ரிவால்வரைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலிக்கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவ எக்ஸ்ட்ராக்டருக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் நாலைந்து, அவ்வளவுதான். பழைய பல்துலக்கும் பிரஷால் தட்டிவிட்டுக் கொடுத்தேன், காசு வாங்க வெட்கமாக இருந்தது.

காதுக்கு அடைப்பானும் வேண்டும், மேலே மஃபும் வேண்டும். உள்ளரங்க ரேஞ்சில் குட்டைப் பேரல் மேக்னத்துக்கு ஒன்று மட்டும் போதாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டுப்பெட்டியையும் அதே நாளில் வாங்கிவிடுங்கள்.

உங்களுக்குக் குடியுரிமை இருக்கிறதா, கிரீன் கார்டா, விசாவா என்று கடிதத்தில் இல்லை. கிரீன் கார்டுக்காரர்கள் கூட்டாட்சிச் சட்டப்படி வாங்கலாம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதற்கே தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டும்தான். இந்த விஷயத்தில் நண்பர் சொன்னார் என்று நம்பாமல் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன், வாடகைக்குத் துப்பாக்கி தரும் ரேஞ்சாகப் பார்த்து எஸ்பி101ஐயும் மூன்று அங்குல ஜிபி100ஐயும் ஒரே நாளில் எடுத்துச் சுடுங்கள். 158 கிரெயின் மேக்னம், ஒவ்வொன்றிலும் 50. கடைசிச் சுற்றுகளில் நண்பரை விட்டுச் சிலிண்டரில் இடையிடையே ஒரு காலிக்கூட்டை வைத்து மூடச் சொல்லுங்கள், எந்த அறையில் என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. ஹேமர் காலிக்கூட்டில் விழும்போது பேரல் முனை கீழே குனிந்தால், கை உதையை எதிர்பார்த்து முன்கூட்டியே பயப்படுகிறது என்று பொருள். எதில் குறைவாகக் குனிகிறதோ அதை வாங்குங்கள்.