பிரித்துப் போட்ட பழைய காரை வெளியூருக்கு அனுப்புவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் சாயல்குடி முதல் தொண்டி வரையிலான கடலோர ஊர்களிலிருந்து வந்த ஐந்து கடிதங்கள் ஏறக்குறைய ஒரே விஷயத்தைக் கேட்டிருந்தமையால், அவற்றை இம்முறை சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் வாப்பா ஓட்டிய 1966ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு வண்டி, வீட்டுக் கொல்லையில் பிரித்த நிலையில் கிடக்கிறது. டிங்கர் வேலைக்கு வந்தவர் பாடியைச் சேஸிஸிலிருந்து (அடிச்சட்டத்திலிருந்து) இறக்கிக் கட்டைகள்மீது வைத்துவிட்டு, பாதியிலேயே வெளிநாட்டுக்குப் போய்விட்டார். மீதி வேலையைச் செய்து தரக் கோயம்புத்தூரில் ஒரு பட்டறை ஒப்புக்கொண்டிருக்கிறது. பாடியை ஒரு லாரியிலும் சேஸிஸை இன்னொன்றிலும் அனுப்பலாமா?
– கீழக்கரை வாசகர்

பதில்: இரண்டு லாரியும் வேண்டாம், பாடியைத் தனியாக அனுப்பவும் வேண்டாம். பிரித்ததைத் தற்காலிகமாகவேனும் மீண்டும் பூட்டுவதுதான் உங்கள் முதல் வேலை. லாரி பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பாடியே எலும்புக்கூடு. அவற்றுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. சென்னையில் தயாரான ஹெரால்டின் அமைப்பு வேறு. அதன் பலமெல்லாம் அடியிலுள்ள சேஸிஸில் இருக்கிறது. மேலே உட்காரும் பாடி, போல்ட்டுகளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட பல துண்டுகளின் சேர்க்கைதான். சேஸிஸைவிட்டு எடுத்தால் அடிப்பலகை கழன்ற மரப்பெட்டியைப் போலத் தூக்கும் பக்கமெல்லாம் அது வளையும். நான்கு பேர் நான்கு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது ஒருவர் அரையடி முந்திக்கொண்டால் போதும், கதவு வாசல் கோணிவிடும். கோயம்புத்தூரில் கதவை மாட்டிப் பார்க்கும்போது மேலே விரல் நுழையும் இடைவெளியும் கீழே உரசலுமாக நிற்கும், அதைச் சரிசெய்யும் கூலியோ லாரி வாடகையைத் தாண்டிவிடும்.

ஆகவே பாடியைக் கட்டையிலிருந்து அசைப்பதற்கு முன்பே, இரு கதவு வாசல்களிலும் முன்தூணுக்கும் பின்தூணுக்கும் குறுக்கே ஓர் அங்குலச் சதுரக் குழாயை வைத்துப் போல்ட் போட்டு இறுக்கச் செய்யுங்கள். கீல் இருந்த துளைகளையும் பூட்டுக் கொண்டித் தகட்டின் துளைகளையும் பயன்படுத்திக்கொண்டால் புதிதாக ஓட்டை எதுவும் போட வேண்டியதில்லை. வெல்டிங் வைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். துருவில் மெலிந்த அறுபது வயதுத் தகட்டில் அதை நான் விரும்புவதில்லை. குழாயை இறுக்கியபின் வாசலின் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, அந்த எண்களைக் குழாயின் மீதே எழுதி, கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். கோயம்புத்தூரில் இறக்கிய உடனே அதே எண்கள் வருகின்றனவா என்று பார்க்கச் சொன்னால், வழியில் பாடி கோணியதா இல்லையா என்ற வழக்குக்கே இடமிராது.

அதன்பின் ஆறேழு பேரைச் சேர்த்துக்கொண்டு பாடியைச் சேஸிஸின்மீது வைத்து, மவுன்டிங் போல்ட்டுகளை, பழைய ரப்பர் நைந்திருந்தால் டயர்த் துண்டுகளையாவது இடையில் கொடுத்து, மாட்டிவிடுங்கள். இன்ஜின் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான்கு சக்கரமும் உருள வேண்டும், ஸ்டியரிங் திரும்ப வேண்டும். டயரில் காற்று நிற்காவிட்டால் பொருந்துகிற சக்கரங்களை இரவல் வாங்கியாவது மாட்டுங்கள். தள்ளினால் உருளுகிற கார் சரக்கு. உருளாத கார் வெறும் சுமை, அதை இறக்குகிற இடத்திலெல்லாம் பத்துப் பேரைத் தேட வேண்டும்.

லாரியைப் பொறுத்தவரை, ஹெரால்டின் நீளம் சுமார் 3.9 மீட்டர், அதாவது பதின்மூன்று அடிக்குச் சற்றுக் குறைவு. பதினான்கு அடி ஐஷர் லாரி போதும். பட்டறைக்காரர்கள் பயன்படுத்தும் சாய்தள ரெக்கவரி வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது. கிடைக்காத பட்சத்தில், நம் பக்கத்தில் கண்மாய்க் கரைக்குப் பஞ்சமில்லை. கரையின் சரிவில் லாரியைப் பின்புறமாக ஒட்டி நிறுத்தினால் தளமும் கரையும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இடைவெளியில் மூன்றங்குலத் தடிமனுள்ள பலகைகளைப் போட்டு, பின்னால் ஒருவர் கட்டையோடு நடந்துவர, மெதுவாகத் தள்ளி ஏற்றிவிடலாம். ஜேசிபி கையில் சங்கிலி கட்டித் தூக்க மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

படகு கட்டிய ஊர்க்காரர்களுக்கு முடிச்சுப் போட நான் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் படகில் கட்டும் நைலான் கயிறு இழுபடும் குணமுள்ளது. ஒவ்வொரு வேகத்தடையிலும் சிறிது நெகிழ்ந்து, மதுரை போவதற்குள் தொளதொளத்துவிடும். கைப்பிடியை நெம்பி இறுக்கும் ராட்செட் பெல்ட்டையே வாங்குங்கள். அதைச் சக்கரங்களிலும் அச்சிலும் போட்டுத் தளத்தோடு இழுக்க வேண்டும். பம்பரிலோ ஜன்னல் தூணிலோ போடக்கூடாது. சக்கரத்தைக் கட்டினால் மேலே வண்டி தன் ஸ்பிரிங்கில் ஆடிக்கொள்ளும், குலுக்கல் தகட்டுக்குப் போகாது. ராமநாதபுரம் தாண்டியதும் ஒருமுறை நிறுத்தி எல்லாப் பெல்ட்டையும் மறுபடி இறுக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லி, டீக் காசையும் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: பாம்பனிலிருந்து சென்னைக்கு அம்பாசடர் பாடி ஒன்றை அனுப்ப வேண்டும். பழைய பெயின்டை முழுவதும் சுரண்டிச் சாம்பல் நிற பிரைமர் அடித்து வைத்திருக்கிறோம். கார்த்திகை மாதத்துக்குள் அனுப்பினால் தை மாதம் வேலை தொடங்கலாம் என்கிறார்கள். மேலே பாலித்தீன் சுற்றி அனுப்பினால் போதுமா?
– பாம்பன் வாசகர்

பதில்: போதாது என்பதோடு, பாலித்தீன்தான் உங்கள் முதல் எதிரி என்றும் சொல்ல வேண்டும்.

சாதாரண பிரைமர் பார்ப்பதற்கு மூடியது போலிருந்தாலும், நுண்துளைகள் நிறைந்தது. நீரை உறிஞ்சித் தகட்டிடம் சேர்க்கும். பாம்பன் காற்றில் சில நாட்கள் நின்ற பிரைமரின்மீது கண்ணுக்குத் தெரியாத உப்பு படிந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சமையலுப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரத்திலேயே கசியும். நம் தீவில் இரவுக் காற்றே அதற்குப் போதும், மழை தேவையில்லை. அப்படிப்பட்ட பாடியைப் பாலித்தீனில் இறுக்கிச் சுற்றினால், பகல் வெயிலில் உள்ளே வியர்த்து, இரவில் அந்த வியர்வை உப்போடு சேர்ந்து தகட்டிலேயே தங்கிவிடும். சென்னையில் உறையைப் பிரிக்கும்போது பிரைமருக்கு அடியிலிருந்து கடுகுக் கொப்புளங்களாகத் துரு எட்டிப் பார்க்கும்.

எனவே முதலில் பாடியை நல்ல நீரால் கழுவுங்கள். நல்ல நீர் என்று நான் சொல்வது குடிநீரை. வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதனால் கழுவுவது உப்பை உப்பால் துடைப்பதாகும். குடிக்கவே விலைக்கு வாங்கும் ஊரில் இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நான்கைந்து குடம் நீரும் ஸ்பாஞ்சும் போதும், ஹோஸ் பைப் தேவையில்லை. கழுவிய அன்றே வெயிலில் நன்றாக உலர்த்தி, பிரைமரை லேசாகத் தேய்த்து, அதன்மேல் எபாக்ஸி பிரைமர் ஒரு கோட் அடித்துவிடுங்கள். நீரைத் தடுப்பது அதுதான். கதவுகளை மாட்டிய நிலையிலேயே அனுப்புங்கள். தனிச் சேஸிஸ் இல்லாத வண்டியானாலும், வாசற்படிக்கு அடியில் துரு தின்றிருந்தால் கதவில்லாத அம்பாசடரும் முறுக்கிக்கொள்ளும். மேலே முதலில் பழைய பருத்திப் போர்வைகளைப் போர்த்தி, அவற்றின்மேல் தார்ப்பாயை, காற்று நுழைய அடியில் சிறிது விட்டுக் கட்டுங்கள். போர்வையில்லாமல் தார்ப்பாயை மட்டும் போட்டால், ஓடும் லாரியில் அது படபடத்து உப்புத்தாள் போலப் பெயின்டைத் தேய்த்துவிடும்.

கார்த்திகையில் அனுப்புவது பற்றி: வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், திறந்த லாரியில், சுமார் 2.3 கிலோமீட்டர் நீளமுள்ள பாம்பன் சாலைப் பாலத்தைக் கடக்கப் போகிறீர்கள். இன்ஜினும் சீட்டும் கண்ணாடியும் இல்லாத பாடி எடை குறைந்தது, பக்கக் காற்றில் தார்ப்பாய் பாய்மரமாகிவிடும். தை பிறந்தபின் அனுப்புங்கள். வேலை ஒரு மாதம் தள்ளிப்போவதால் நஷ்டமில்லை. காத்திருக்கவே முடியாதென்றால் மூடிய கன்டெய்னர் லாரி பேசுங்கள். அம்பாசடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர், பதினான்கு அடித் தளத்தில் பம்பரோடு அது கொள்ளாது, பதினேழு அடி வண்டியாகக் கேளுங்கள்.

இன்னொன்று, பாடியை ஏற்றுவதற்கு முன் லாரியின் தளத்தில் நீங்களே ஏறிப் பாருங்கள். நம் பகுதிக்கு வரும் லாரிகள் மீனும் கருவாடும் வாலிநோக்கம் உப்பும் ஏற்றுபவை. பல ஆண்டுகளுக்கு முன், ரிட்டர்ன் லோடு என்று மலிவாகக் கிடைத்த ஒரு லாரியில் என் ஃபியட்டை மதுரைக்கு அனுப்பினேன். தளத்துப் பலகை இடுக்குகளில் ஊறிக் கிடந்த கருவாட்டு நீர் இரண்டே நாளில் வாசற்படி விளிம்பில் செம்மண் கோடு போட்டுவிட்டது. துருவைக்கூடத் தேய்த்துவிட்டேன். சீட்டுப் பஞ்சிலிருந்து அந்த வாசனை போக ஓராண்டாயிற்று.

கேள்வி: சின்ன யானையில் (டாடா ஏஸ் மினி லாரியில்) ஃபியட் பாடியை ஏற்ற முடியுமா? வாடகை பாதிதான் கேட்கிறார்கள்.
– சாயல்குடி வாசகர்

பதில்: முடியாது. அதன் தளம் ஏழு அடியளவு, உங்கள் கார் ஏறக்குறைய பதின்மூன்று அடி. பின்னால் நீட்டிக்கொண்டு போவது சட்டப்படியும் குற்றம். கதவு, பானெட், டிக்கி மூடி ஆகியவற்றை மட்டும் நிமிர்த்தி வைத்து அனுப்பலாம்.

கேள்வி: தொண்டியிலிருந்து புனேயில் உள்ள என் தம்பிக்குப் பத்மினி காரின் இன்ஜின், ரேடியேட்டர், கண்ணாடிகள், மீட்டர்கள், கதவு, கண்ணாடி ஓரங்களில் வரும் பீடிங் ரப்பர் எல்லாவற்றையும் பார்சல் லாரியில் அனுப்ப வேண்டும். கட்டுவது எப்படி? தொலைந்தால் யார் பொறுப்பு?
– தொண்டி வாசகர்

பதில்: இன்ஜினிலிருந்து ஆயிலை முழுவதும் வடித்து, ஸ்பார்க் பிளக் துளைகளில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு இரண்டு சுற்றுச் சுற்றி, பிளக்கை மீண்டும் மாட்டுங்கள். கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் துணியால் அடையுங்கள். படகுத் தச்சரிடம் சொல்லி, இன்ஜினின் மவுன்டிங் துளைகளிலேயே போல்ட் இறங்கும்படி ஒரு மரச்சட்டம் செய்துகொண்டால், சம்ப் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) தகடு தரையைத் தொடாமல் அது அந்தரத்தில் நிற்கும். டயரின்மீது இன்ஜினைச் சாய்த்து வைத்து அனுப்பும் பழக்கத்தால் நசுங்கிய சம்ப்புகள் எத்தனையோ. கண்ணாடியைப் படுக்க வைக்காதீர்கள். போர்வை சுற்றி, விளிம்பில் நிறுத்தி, இருபுறமும் சட்டம் கொடுங்கள். பெட்ரோல் டேங்க்கைக் காலிசெய்து ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்தபிறகே ஏற்றுங்கள். பல லாரிக்காரர்கள் வாடையடித்தாலே மறுப்பார்கள், அது நியாயந்தான். பிரேக் ஆயில் சொட்டினால் பெயின்டைத் தின்னும் என்பதால் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரைத் தனி டப்பாவில் போடுங்கள். பீடிங் ரப்பரில் கிரீஸ் படக்கூடாது, பட்டால் ஊதிப்போகும். முகப்பவுடர் தூவிப் பழைய வேட்டியில் சுருட்டுங்கள். நட்டும் போல்ட்டும் எந்த இடத்தில் கழன்றவையோ அந்த இடத்தின் பெயரோடு தனித்தனித் துணிப்பையில் போக வேண்டும். பெயரெழுதிய சீட்டு ஒன்றைப் பைக்கு உள்ளேயும் போடுங்கள், வெளியே ஒட்டியது உதிர்ந்துவிடும்.

பொறுப்பைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன்கீழ் 2011இல் வந்த விதிகளும் சொல்வது இது: பொருளின் மதிப்பைக் கூடுதலாக அறிவித்து அதற்குரிய கட்டணம் செலுத்தாவிட்டால், சரக்கு நிறுவனத்தின் பொறுப்பு நீங்கள் கொடுத்த வாடகையைப் போலப் பத்து மடங்கோடு முடிந்துவிடும். வாடகை 3,000 ரூபாய் என்றால் அதிகபட்சம் 30,000. ஆகவே ரசீதில் "பழைய இரும்பு" என்று எழுத விடாதீர்கள். வாடகை குறையும் என்று எழுதுவார்கள், தொலைந்தால் பழைய இரும்பின் விலையைத்தான் பேசுவார்கள். இன்னின்ன பாகம், இத்தனை பெட்டி, மதிப்பு இவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். இழப்பு நேர்ந்தால், பதிவுசெய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்திருந்தால்தான் பிறகு வழக்குப் போட முடியும். ஒரே பயணத்துக்கான சரக்குக் காப்பீடும் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்.

சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. மின்னணுச் சீட்டான இ-வே பில்லைப் பொறுத்தமட்டில், பயன்படுத்திய சொந்தப் பொருள்களுக்கு விலக்கு உண்டு. கடையில் வாங்கிய புதுப் பாகங்களும் சேர்ந்து, மாநிலம் கடக்கும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் அது தேவைப்படும். புதியவற்றைத் தனிப் பெட்டியில், பில்லோடு அனுப்புவது எல்லாருக்கும் நிம்மதி.

கேள்வி: எங்களிடம் 1970ஆம் ஆண்டு ஃபியட் இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் (வண்டிப் பதிவுச் சான்று) தாத்தா பெயரில் உள்ளது. பிரித்த வண்டியைச் சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியில் போலீசார் நிறுத்தினால் என்ன காட்டுவது? விண்டேஜ் பதிவு பெற முடியுமா?
– ஏர்வாடி வாசகர்

பதில்: எண் பலகையில்லாத ஒரு பாடியும் சாக்குமூட்டையில் இன்ஜினுமாக இரவில் லாரி போனால் எந்தப் போலீசாரும் நிறுத்தத்தான் செய்வார். ஆர்.சி.யின் நகல், தாத்தாவோடு உங்கள் உறவைக் காட்டும் சான்று, சேலம் பட்டறை தந்த ஒப்புதல் கடிதம் ஆகிய மூன்றும் ஓட்டுநர் கையில் இருக்கட்டும், ஒரிஜினல் ஆர்.சி.யை லாரியில் அனுப்பாதீர்கள். பழுதுபார்க்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே கொண்டுபோவதால் தடையின்மைச் சான்று வேண்டியதில்லை. தாத்தா காலமாகியிருந்தால் பெயர் மாற்றத்தை இப்போதே தொடங்குங்கள்.

ஐம்பது ஆண்டைக் கடந்த, வாடகைக்கு ஓட்டாத வண்டிகளுக்கு 2021 முதல் தனிப் பதிவு முறை இருக்கிறது. எண்ணில் "விஏ" என்ற எழுத்துகள் வரும். முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாமேயன்றி நாள்தோறும் கடைக்குப் போக ஓட்ட முடியாது. சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக்கூடாது என்பது நிபந்தனை. அதனால்தான் ஏற்றுவதற்கு முன் சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் கழுவித் துடைத்துப் படமெடுக்கச் சொல்கிறேன். ரிவெட் அடித்த எண் தகட்டைப் பெயின்ட் வேலைக்காகப் பெயர்த்திருந்தால், அதை நட்டு போல்ட் மூட்டையோடு சேர்க்காமல் உங்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சேலம் பட்டறைக்காரர் கையில் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.