மட்டக்களப்பில் ஆண்கள் கைகோத்து நடக்கிறார்கள், கணவன் மனைவி ஏன் தள்ளி நடக்கிறார்கள்?

கல்லடிப் பக்கம் பார்த்துவிட்டு வெளிநாட்டவர் ஒருவர் கேட்டிருக்கிறார். தோளில் கை போடுவது இங்கே வெறும் கூட்டாளித்தனம், அதில் காதலைத் தேட வேண்டாம். உண்மையான ஒருபாலுறவுக்காரர்கள் பலர் ஒளிந்துதான் வாழ்கிறார்கள். 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு ஒருபாலுறவைக் குற்றமாக்குகிறது, அது ஆங்கிலேயர் வைத்துப்போனது. 1995இல் திருத்தியபோது பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டார்கள்.

தம்பதிகள் தள்ளி நடப்பதைப் பார்த்துப் பெண்ணுக்கு இங்கே ஒன்றுமில்லை என்று எழுதிவிடாதீர்கள். மட்டக்களப்பிலும் அக்கரைப்பற்றிலும் குடி, அதாவது குலம், தாய்வழியில்தான் வரும், தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். வீட்டு உறுதிப்பத்திரமும் பெரும்பாலும் மகள் பேரில். கோபம் வந்தால் வெளியே போகிறவர் மாப்பிள்ளைதான்!

ஆனால் அந்த வீட்டைக் கட்டிக் கொடுக்கப் பெற்றோரும் அண்ணன் தம்பிகளும் படும் பாடு வேறு கதை. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்த் தன் சீதன வீட்டைத் தானே கட்டிய பெண்களும் உண்டு. சரி, சொத்து அவள் பேரில் இருந்தாலும் கோயில், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஆண்களின் குரல்தான் ஓங்கும். இரவு எட்டு மணிக்கு அவள் தனியாக வெளியே போனால் கேள்வி கேட்பதும் அதே ஊர்தான்.