நோன்பை விட்டுவிட்டுப் பண்டிகையைப் பார்க்கலாமா?

கேள்வி: சென்ற இதழில் ஐரோப்பியரின் வசந்தகாலப் பண்டிகை உணவுகளைப் பற்றி நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். ஈஸ்டர் என்றாலே சாக்லேட் முட்டையும் முயல் பொம்மையும்தான். அவையும் மிட்டாய்க் கம்பெனிகள் வளர்த்துவிட்ட வியாபாரம். அந்தப் பெயரே ஏதோ ஒரு பழைய பெண் தெய்வத்தின் பெயர் என்கிறார்கள். இதில் தெரிந்துகொள்ள அப்படி என்ன இருக்கிறது? (வாசகர் ஒருவர், திண்டுக்கல்)

பதில்: சாக்லேட் முட்டையின் வயதைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரிதான். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை நிறுவனம் 1873-இலும், கேட்பரி நிறுவனம் 1875-இலும் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஆனால் அதற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1290-இல், முதலாம் எட்வர்டு மன்னரின் அரண்மனைக் கணக்கில் ஈஸ்டருக்காக 18 பென்ஸ் கொடுத்து 450 முட்டைகள் வாங்கிய செலவு எழுதப்பட்டிருக்கிறது. அவற்றுக்குச் சாயம் ஏற்றியும் தங்க ரேக்கு ஒட்டியும் அரண்மனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். முயலும் அப்படித்தான். ஃபிரான்சின் ஜெர்மன் எல்லையோரத்தில் உள்ள அல்சாஸ் பகுதியில் முயல் முட்டையிட்டுப் புல்லுக்குள் ஒளித்துவைக்கும் என்று குழந்தைகளிடம் சொல்லும் வழக்கத்தை, ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கெனாவ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1682-இலேயே எழுதிவைத்திருக்கிறார். மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த முட்டையைத்தான் வியாபாரிகள் வாங்கிச் சாக்லேட்டில் வார்த்தார்கள்.

அந்த முட்டை மக்கள் கைக்கு எப்படி வந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. எங்கள் கட்டுரை பண்டங்களை வரிசையாக அடுக்கிவிட்டு, அவற்றுக்கு முன்னால் இருந்த நோன்பைப் பற்றி ஒரு வரியும் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்தக் குறை எங்களுடையது. உங்களுக்கு இந்த ஐயம் எழுந்ததற்கு அதற்கும் பங்கு உண்டு.

ஈஸ்டருக்கு முன் வரும் நோன்புக் காலமான தவக்காலம் நாற்பது நாள். இடைக்கால மேற்கு ஐரோப்பாவில் அந்த நாட்களில் இறைச்சி மட்டுமன்றிப் பால், வெண்ணெய், முட்டை ஆகியவையும் விலக்கப்பட்டிருந்தன. கிரேக்கர், ரஷ்யர் முதலிய கிழக்குத் திருச்சபையினரில் நோன்பை முறையாகப் பிடிப்பவர்கள் இன்றும் இவற்றைத் தொடுவதில்லை. ஆனால் கோழிக்கு நோன்பு கிடையாது. குளிர்காலத்தில் பகல் குறுகும்போது முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும் கோழி, பகல் நீளத் தொடங்கியதும், அதாவது வீட்டில் ஒருவரும் முட்டை தின்னக் கூடாத அதே வாரங்களில், மறுபடியும் மும்முரமாக முட்டையிட ஆரம்பிக்கும். சேர்ந்துபோன முட்டைகளை அவித்துச் சாயமேற்றிப் பண்டிகையன்று ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள். ரஷ்யர்கள் பாலாடைக் கட்டியோடு வெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்து, மர அச்சில் கோபுர வடிவில் அழுத்திச் செய்யும் பண்டத்துக்குப் பண்டிகையின் பெயரான ‘பாஸ்கா’ என்பதையே வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். ஹங்கேரியருக்கு ஈஸ்டர் ‘ஹூஷ்வேட்’. அவர்கள் மொழியில் அதற்கு இறைச்சியை எடுத்துக்கொள்வது என்று பொருள். நோன்பு முடிவதையே பண்டிகையின் பெயராக்கிவிட்ட மக்களைப் பார்த்து இது மிட்டாய்க் கம்பெனியின் வேலை என்று எப்படிச் சொல்ல முடியும்?

கிரேக்கச் சமையலறையைப் பாருங்கள். ஈஸ்டர் ஞாயிறுக்கு முந்தைய பெரிய வியாழனன்று முட்டைகளைச் சிவப்புச் சாயத்தில் அவித்துவைக்கிறார்கள். ஞாயிறன்று சுடப்போகும் ஆட்டுக்குட்டியின் குடலையும் ஈரலையும் வீணாக்குவதில்லை. குடலைப் புரட்டி உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு கொதி விட்டு வடித்து, பொடியாக நறுக்கி, வெங்காயத்தாள், லெட்டூஸ், சதகுப்பைக் கீரை ஆகியவற்றோடு சூப்பாக வேகவைக்கிறார்கள். இறக்கும் நேரத்தில் முட்டையையும் எலுமிச்சைச் சாற்றையும் நுரைக்க அடித்து, கொதிக்கும் சாற்றை அதில் கரண்டி கரண்டியாக விட்டுக் கலக்கிய பிறகே பானையில் ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் முட்டை திரிந்துபோகும். சனிக்கிழமை நள்ளிரவில் கோயில் விளக்குகள் அணைக்கப்பட்டு, குருவின் கையில் இருக்கும் ஒரே சுடரிலிருந்து எல்லோருடைய மெழுகுவத்திகளும் ஏற்றப்படுகின்றன. அந்தச் சுடரை அணையாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசல் நிலையின் மேல் புகைக்கரியால் சிலுவை வரைந்துவிட்டு, அதன் பிறகே உண்ண உட்காருகிறார்கள். பல வாரங்களாக இறைச்சி தொடாத வயிற்றுக்குள் முதலில் இறங்குவது ‘மாயிரிட்ஸா’ எனப்படும் இந்தச் சூப்தான். நோன்பை அறியாதவருக்கு இது ஒரு குடல் சூப். நோன்பிருந்தவருக்கு அது என்னவாக இருக்கும் என்பதை நோன்பு நோற்கும் எவரும் ஊகித்துக்கொள்ளலாம்.

போலந்தில் இதே சனிக்கிழமை பகலில், வெள்ளைத் துணி விரித்த சிறு கூடைகளோடு குடும்பம் குடும்பமாகக் கோயிலுக்குப் போகிறார்கள். கூடைக்குள் முட்டை, ரொட்டி, உப்பு, தொத்திறைச்சி, காரமான ஹார்ஸ்ராடிஷ் வேர், வெண்ணெயில் பிடித்த ஒரு சிறு ஆட்டுக்குட்டி உருவம், ஓரத்தில் செருகிய பசுந்தழை எல்லாம் இருக்கும். குரு தீர்த்தம் தெளித்த அந்த உணவை அன்று தொடாமல் வைத்திருந்து, மறுநாள் காலையில் மந்திரித்த முட்டையைத் துண்டு துண்டாக அரிந்து, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிப் பகிர்ந்துகொண்ட பிறகே மற்றவற்றை உண்கிறார்கள். ஃபின்லாந்தில் நோன்பின் பண்டமே பண்டிகையின் பண்டமாக நிலைத்துவிட்டது. கம்பு போன்ற நிறமுடைய ‘ரை’ தானியத்தின் மாவையும் முளைகட்டிய ரையையும் சேர்த்து அடுப்பில் வேகவைக்கும் கரிய களியான ‘மம்மி’யை, இன்று பாலேடும் சர்க்கரையும் சேர்த்து உண்கிறார்கள்.

பெண் தெய்வத்தின் கதைக்கு வருகிறேன். எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பீட் என்ற ஆங்கிலத் துறவி, காலக்கணக்கைப் பற்றிய தம் நூலில், ‘ஏயோஸ்ட்ரே’ என்ற தெய்வத்தின் பெயரால் ஒரு மாதம் அழைக்கப்பட்டது என்று குறிப்பிடுகிறார். அந்தத் தெய்வத்தைப் பற்றிப் பழைய நூல்களில் கிடைக்கும் நேரடிச் செய்தி அது ஒன்றுதான். முட்டையையோ முயலையோ பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மேலும், அந்தப் பெயர் ஆங்கிலம், ஜெர்மன் போன்ற ஒருசில மொழிகளுக்கு மட்டுமே உரியது. இத்தாலியர் ‘பாஸ்குவா’ என்றும் கிரேக்கர் ‘பாஸ்கா’ என்றும் ஸ்வீடன்காரர் ‘போஸ்க்’ என்றும் சொல்கிறார்கள். இவை எல்லாமே, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீண்டதை நினைவுகூரும் யூதர்களின் ‘பெசாக்’ விழாவின் பெயரிலிருந்து வந்தவை. விருந்தில் ஆட்டுக்குட்டி இடம்பெறுவதும் அந்த விழாவின் தொடர்ச்சியே. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் இன்றும் பாஸ்கா என்றுதானே சொல்கிறார்கள்? ஆங்கிலப் பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கண்டத்தின் பண்டிகைக்கே மூலம் சொல்வது முறையன்று.

முட்டையைப் பற்றி இன்னும் ஒன்று. உக்ரைனியர் வண்ண முட்டையைப் ‘பிசங்கா’ என்கிறார்கள். எழுதுதல் என்னும் பொருளுள்ள வினையிலிருந்து வந்த சொல் அது. கண்ணுக்கு மை எழுதுவது, ஓவியம் எழுதுவது என்று சொல்லும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சிறு கூம்பு பொருத்திய எழுதுகோலை மெழுகுவத்திச் சுடரில் காட்டி, அதில் உருகும் தேன்மெழுகால் பச்சை முட்டையின் மேல் கோடு இழுக்கிறார்கள். பிறகு மஞ்சள் சாயத்தில் முக்கி, மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடி, அடுத்துச் சிவப்பில், கடைசியில் கறுப்பில் முக்குகிறார்கள். இறுதியாகச் சுடருக்குப் பக்கத்தில் பிடித்து மெழுகை உருக்கித் துடைக்கும்போதுதான், அதுவரை கரிய உருண்டையாக இருந்த முட்டையில் எல்லா நிறங்களும் ஒருசேர வெளிப்படுகின்றன. 2024-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எல்லா வழக்கத்தையும் நான் போற்றவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் திங்களன்று போலந்திலும் ஹங்கேரியிலும் தண்ணீர் ஊற்றி விளையாடுகிறார்கள். செக் நாட்டிலோ ஆண்கள் வில்லோ மரத்தின் மிலாறுகளைப் பின்னிய சாட்டையால் பெண்களை அடித்து, அதற்குப் பரிசாக வண்ண முட்டை வாங்கிப் போகிறார்கள். பெண்ணுக்கு அது நலம் தரும் என்பது பழைய நம்பிக்கை. அந்த நாட்டுப் பெண்களிலேயே பலர் அதை வெறுக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

கிரேக்க வீடுகளில் வியாழனன்று முதலில் சாயமேறிய முட்டையை ஒருவரும் தின்பதில்லை. அது மாதாவுக்கு உரியது. வீட்டுப் படமாடத்தில் அதை வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு வியாழனன்று புது முட்டை வரும்போதுதான் பழையதை எடுக்கிறார்கள்.