பாலத்தை இறுக்கிக் கட்டாதீர்கள்

கேள்வி: யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் பின்வளவில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம், 16 அடி தள்ளி ஒரு வேம்பு, வேலியோரம் இரண்டு தென்னை. பேரப்பிள்ளைகளுக்கு மாமரத்தில் மரவீடு கட்டி, வேம்புக்குத் தொங்குபாலம் போட விருப்பம். பாலம் ஆடாமலிருக்கக் கம்பி வடத்தை நன்றாக இழுத்து இறுக்கினால் போதுமா?

பதில்: அதைத்தான் செய்யக்கூடாது, ஐயா. பாலம் தொய்ந்துதான் கிடக்கவேண்டும். இரண்டு பிள்ளைகள், மொத்தம் 60 கிலோ, நடுப்பாலத்தில் நிற்கிறார்கள் என்று வையுங்கள். அப்போது தொய்வு ஒன்றரை அடி என்றால் மரத்தில் விழும் பக்க இழுவை 160 கிலோ அளவில். தொய்வு 3 அங்குலம்தான் என்றால் அதே பிள்ளைகளுக்கு 960 கிலோ! பலகையின் பாரம் வேறு. பிள்ளைகள் துள்ளாமலும் இருக்கமாட்டார்கள்.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போது மாவும் வேம்பும் ஒரே பக்கம் ஆடுவதில்லை. அதனால் வேம்பை விட்டுவிட்டு அதற்கு முன்னால் தூண் நடுங்கள். பாலம் இழுக்கும் பக்கத்தில் சாய்முட்டும் கொடுங்கள். சில வளவுகளில் இரண்டடி தோண்டவே சுண்ணக்கல் முட்டும். கல்லைக் குடைந்து இறக்கிக் கொங்கிறீற் போடுவது நல்லது.

மாமரப் பக்கம் வடத்தை மரவீட்டுச் சட்டத்தில் கட்டவேண்டாம். அடிமரத்தில் தடித்த கல்வனைஸ் போல்ற் ஒன்று ஏற்றி அதில் மாட்டுங்கள். ஆணி அடித்தால் மரம் செத்துவிடும் என்று பயந்து கயிறு சுற்றுபவர்கள் உண்டு. நானும் ஒருமுறை வேப்பங்கொப்பில் நைலோன் கயிறு சுற்றினேன். சில வருடத்தில் கயிறு பட்டைக்குள் புதைந்து கொப்பே பட்டுப்போனது. ஒரு துளையை மரம் மூடிக்கொள்ளும், கழுத்து நெரிப்பைத் தாங்காது. தென்னையும் பனையும் துளையை மூடாது, அவற்றில் கைவைக்காதீர்கள். தேங்காய் விழும் எல்லைக்குள் பாலமும் வரக்கூடாது.

வட நுனியை மடித்துப் பிடிக்க மூன்று யூ கிளிப் (யூ வடிவில் வளைந்த கம்பியும் அடிக்கட்டையும் நட்டும் சேர்ந்த பிடி) போடுங்கள். வளைந்த கம்பி குட்டை வாலின்மேல், அடிக்கட்டை பாரம் இழுக்கும் நீள வடத்தின்மேல். மாறிப் போட்டால் பாரம் தாங்கும் வடமே நசியும். பாரம் ஏற்றிப் பார்த்தபின் நட்டை மறுபடி இறுக்குங்கள்.

சட்டத்துக்கு மரக்காலையில் முதிர்ந்த பனை வாங்கலாம். மிதிபலகைக்கு வேண்டாம், பனஞ்சிராம்பு பிஞ்சுக்காலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு.

இதற்கெல்லாம் முன், மாவின் அடிமரத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொந்துச் சத்தம் கேட்டால் மரவீட்டையும் தூண்களில்தான் நிறுத்தவேண்டும்.