யாரும் சொல்லாமலே ஆரம்பிக்கறது எப்படி: காலேஜ் பசங்க கேள்விகளுக்கு என் பதில்

எம்பெடட் வேலைல, அதாவது மெஷினுக்குள்ள இருக்கற குட்டி கம்ப்யூட்டருக்கு போர்டும் ப்ரோக்ராமும் செய்ற வேலைல, 19 வருஷம் ஆச்சு, அதுல கடைசி 8 வருஷமா வேலைக்கு ஆள் எடுக்கற பேனல்லயும் உக்கார்றேன். எலக்ட்ரானிக்ஸ், ப்ராஜெக்ட், இன்டர்வியூ பத்தி கேளுங்க.

ஈசிஇ மூணாம் வருஷம்: அண்ணா, இனிஷியேட்டிவ் எடு எடுன்னு எல்லாரும் சொல்றாங்க, அப்படின்னா என்னதான் பண்ணனும்? கோடிங் சுமார்தான். அப்பா விவசாயி, ஈரோடு பக்கம்.

தம்பி, விஷயத்தை நீயே சொல்லிட்ட. உங்க வீட்ல போர் மோட்டார் இருக்கும்ல, அது எத்தனை தடவ காயில் போயிருக்கு, ரீவைண்டிங்க்கு எவ்வளவு ஆச்சுன்னு அப்பாகிட்ட இன்னைக்கு ராத்திரி கேளு. மூணு ஃபேஸ்ல ஒண்ணு போனாலும் மோட்டார் முக்கிக்கிட்டே ஓடப்பாத்து கருகும். போர்ல தண்ணி இறங்கிட்டா வெறும்னே ஓடி கெடும், ஆனா அப்போ மோட்டார் இழுக்கற ஆம்பியர் கொறைஞ்சிரும், அதுதான் உனக்கு துப்பு. வயரை சுத்தி கவ்வுற மாதிரி கரண்ட் சென்சார் கிடைக்கும், அதை வெச்சு ஒரு வாரம் சும்மா ரீடிங் மட்டும் எடு. தண்ணி வரும்போது எவ்வளவு, நிக்கும்போது எவ்வளவுன்னு ஒரு நோட்ல எழுது. மார்க்கெட்ல இதுக்கு ஏற்கனவே பாக்ஸ் இருக்குன்னு சொல்லுவாங்க, இருக்கட்டும், உங்க போருக்கு எந்த ஆம்பியர்ல கட் பண்ணனும்னு அந்த பாக்ஸுக்கு தெரியாது, உனக்கு தெரியும். அது 415 வோல்ட் லைன், எலக்ட்ரீஷியன் பக்கத்துல இல்லாம மோட்டார் பேனலை தொறக்காத. கோடிங் 40 வரிக்குள்ள முடிஞ்சிரும், பயப்படாத.

இதுதான்பா இனிஷியேட்டிவ். யாரும் உனக்கு இதை அசைன்மென்ட்டா குடுக்கல, மார்க்கும் கிடையாது.

பெயர் வேண்டாம்: எந்த கோர்ஸ் படிச்சா உடனே வேலை கிடைக்கும் சார்?

அப்படி ஒரு கோர்ஸ் இல்ல. கத்துக்கணும்னா ஐஐடிக்காரங்க ஆன்லைன்ல நடத்துற என்பிடெல் வீடியோ எல்லாம் ஃப்ரீ, பரிட்சை எழுதி சர்டிஃபிகேட் வேணும்னாதான் ஃபீஸ்.

ஐடி, ரெண்டாம் வருஷம்: ஒரு கம்பெனி 6000 ரூபா கட்டினா ஒரு மாச இன்டர்ன்ஷிப் சர்டிஃபிகேட் தர்றாங்களாம், சேரலாமா?

சேராதே. காசு குடுத்து இன்டர்ன்ஷிப் வாங்காதீங்க, இதை இன்னைக்கு பத்து தடவ வேணாலும் சொல்றேன். வேலை செய்றவனுக்குத்தான் காசு வரணும். ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேருக்கு கோடு எழுத வைக்கற கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005ல இருந்து நடக்குது, அதுல சேர ஃபீஸே இல்ல, முடிச்சா அவங்கதான் பணம் தர்றாங்க. டிப்ளமோ, டிகிரி முடிச்சவங்களுக்கு 1961 அப்ரன்டிஸ் சட்டப்படி பயிற்சியோட ஸ்டைபெண்ட் உண்டு, சென்னை தரமணில இருக்கற அப்ரன்டிஸ் பயிற்சி போர்டு ஆபீஸ் வழியா பதிவு பண்ணலாம்.

ஒரு அம்மா: என் பொண்ணு ஒன்பதாவது. வீட்ல இருக்கறதை எல்லாம் பிரிச்சு போடுறா. படிப்பு கெட்டுருமோன்னு பயமா இருக்கு.

விடுங்கம்மா, பிரிக்கட்டும். திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் பள்ளிக்கூட பொண்ணாதான் தெருவுல இஸ்திரி வண்டிக்காரர் கரியை கொட்டுறதை பாத்து யோசிச்சா, சோலார் இஸ்திரி வண்டி டிசைன் பண்ணா. 2020ல சுவீடன்ல குழந்தைகளுக்கான காலநிலை பரிசு, 2021ல கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடைல பேச்சு. யாரும் அவகிட்ட பண்ணுன்னு சொல்லல. ஒண்ணு மட்டும், மைக்ரோவேவ், இன்வெர்ட்டர் ரெண்டையும் தொட விடாதீங்க, பிளக்கை பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும். பழைய ரேடியோ, ஃபேன் ரெகுலேட்டர் வாங்கி குடுங்க.

நீட் ரிப்பீட்டர்: அண்ணா, நீட்டுக்கு ரெண்டாவது தடவ எழுதலாமா?

என் ஏரியா இல்லம்மா, தப்பா சொல்லிட கூடாது. ரெண்டாவது தடவ எழுதி சேர்ந்த யாராவது சீனியரை பிடிச்சு கேளு.

கடை வேலை பாக்கறவன்: உங்களுக்கு பேசறது ஈஸி சார். காலைல 6 மணிக்கு காலேஜ் பஸ், சாயங்காலம் வந்தா ராத்திரி 10 வரைக்கும் கடைல நிக்கணும். எங்க வீட்ல காலேஜ் படி ஏறுன முதல் ஆளு நான். ப்ராஜெக்ட் சென்டர்ல பணம் கட்டினா ரிப்போர்ட்டோட முடிச்சு குடுக்கறான். இனிஷியேட்டிவ் எல்லாம் வசதி இருக்கறவனுக்கு.

நேரம் இல்லங்கறது நிஜம், மறுக்கவே மாட்டேன். ஆனா அந்த பணம் எங்க இருந்து வருது? நானும் 2004ல நாலு பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட் வாங்கினவன்தான், என் பங்குக்கு அம்மா கம்மலை அடகு வெச்சாங்க. முதல் இன்டர்வியூல அந்த போர்டை காட்டி, இந்த ரெசிஸ்டர் ஏன் இங்க இருக்குன்னு கேட்டாங்க, எனக்கு தெரியல. ஒரே கேள்வி, வெளிய வந்துட்டேன். கம்மலை மீட்க ரெண்டு வருஷம் ஆச்சு.

கடை வேலை பாக்கறவன்: எங்க ஸ்டாஃபே சென்டர் நம்பர் குடுக்கறாங்க சார். நான் மட்டும் எதுக்கு கஷ்டப்படணும்? டவுட் கேட்டா இன்டர்னல் மார்க்ல கை வைப்பாங்க.

தனியார் காலேஜ் ஆசிரியை: குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும். நான் ஆறு டீமுக்கு கைடு, அதுக்கு மேல கிளாஸ், அட்மிஷன் வேலை. சொந்தமா ஒரு ஐடியாவோட வர்ற டீம் வருஷத்துக்கு ஒண்ணு வந்தாலே பெருசு, வந்தா அவங்களுக்காக சாயங்காலம் லேப் தொறந்து வைப்பேன். யாரும் வராதப்போ நான் என்ன பண்றது?

மேடம் சொன்னதை படிங்க எல்லாரும். தம்பி, உன் ஸ்டாஃப் செய்றது தப்பு, அதை நியாயப்படுத்த மாட்டேன். டவுட்டை கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் கேக்காத, ஸ்டாஃப் ரூம்ல தனியா, நீ என்ன முயற்சி பண்ணன்னு எழுதின பேப்பரோட போ, பெரும்பாலும் கோபம் வராது. அந்த ஆளு சரிப்படலன்னா லேப் அசிஸ்டென்ட்டை பிடி. நீ நிக்கற கடைலயே ப்ராஜெக்ட் இருக்கு, ராத்திரி கணக்கு டேலி ஆகாம ஓனர் எத்தனை நாள் தலைய பிச்சிருக்காரு? பஸ்ல போற நேரம் யோசிக்க, ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் செய்ய, டீம்ல நாலு பேரும் பிரிச்சுக்கங்க. சின்னதா வந்தா போதும், அரைகுறையா வந்தாலும் பரவால்ல. பேனல்ல நான் எல்லார்கிட்டயும் கேக்கற கேள்வி ஒண்ணுதான், "முதல்ல எது வேலை செய்யல?" சொந்தமா செஞ்சவன் அரை மணி நேரம் பேசுவான், வாங்கினவன் டாபிக் பேரை திரும்ப சொல்லுவான்.

கடை வேலை பாக்கறவன்: ஸ்டாக் கணக்கு நான்தான் எழுதறேன். யோசிக்கறேன் சார்.

இன்னொருத்தர்: சார், எந்த கோர்ஸ் நல்லது? ஏஐ வந்தா எலக்ட்ரானிக்ஸ் வேலை போயிருமா?

கோர்ஸ் பத்தி மேல சொல்லியாச்சு, படிச்சுட்டு கேளுங்க. போர் மோட்டார் பேனலை ஏஐ வந்து தொறக்காது.

வேற ஒருத்தர்: 4000 ரூபா இன்டர்ன்ஷிப் ஓகேவா?

4000மும் வேணாம், 400மும் வேணாம்.

பாலிடெக்னிக் ட்ரிபிள்இ, தென்காசி: அண்ணா, ஹாஸ்டல் டேங்க் நிரம்பினா வார்டனுக்கு மிஸ்டு கால் போற மாதிரி செய்றேன். சிம் போட்டு கால் பண்ற சிம்800எல் மாட்யூல், அதை ஓட்ட ஆர்டுயினோ யூனோ போர்டு. மாட்யூல் லைட் ஒரு செகண்டுக்கு ஒரு தடவ மின்னிக்கிட்டே இருக்கு. ஆன்டெனா மாத்தினேன், மொட்டை மாடில வெச்சு பாத்தேன், ஜியோ சிம்மை ஃபோன்ல போட்டா வேலை செய்யுது. சில சமயம் போர்டே ரீசெட் ஆகுது. பவர் போர்டோட 5 வோல்ட் பின்ல இருந்து.

கேள்வின்னா இப்படி கேக்கணும், என்ன செஞ்ச, என்ன ஆச்சு, எல்லாம் இருக்கு. ரெண்டு தப்பு இருக்கும்மா. ஒரு செகண்டுக்கு ஒரு தடவ மின்னினா நெட்வொர்க் தேடுதுன்னு அர்த்தம், கிடைச்சா மூணு செகண்டுக்கு ஒரு தடவதான் மின்னும். அந்த மாட்யூல் 2ஜி மட்டும்தான் பிடிக்கும், ஜியோல 2ஜியே கிடையாது, நீ மொட்டை மாடி என்ன, மலை மேல ஏறினாலும் வராது. உங்க ஊர்ல 2ஜி ஓடுற வேற சிம் போடு. ரெண்டாவது பவர். அந்த மாட்யூல் 3.4ல இருந்து 4.4 வோல்ட்தான் தாங்கும், 5 வோல்ட் குடுத்தா ஒரு நாள் போயிரும், சிக்னல் அனுப்பற கணத்துல 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், அதான் போர்டு ரீசெட் ஆகுது. தனியா ஒரு பக் கன்வெர்ட்டர், அதாவது வோல்ட்டை கொறைச்சு குடுக்கற போர்டு, வாங்கி 4 வோல்ட்ல செட் பண்ணு, மாட்யூலோட பவர் பின்னுக்கு பக்கத்துலயே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடு, போர்டோட கிரவுண்டையும் இதோட கிரவுண்டையும் சேர்த்துரு. சிம் மாத்தினதும் லைட் எப்படி மின்னுதுன்னு இங்கயே எழுது, ராத்திரி 11 வரைக்கும் பாத்துட்டு இருப்பேன்.