நுரையீரல் புற்றுநோய் பரவுவதில் மரபணுக்களின் பங்கு என்ன? ரிப்போர்ட்டில் மரபணு மாற்றம் இருந்தால் கட்டாயம் பரவுமா?

கட்டாயம் இல்லை. நான் மருத்துவர் அல்ல, ஆய்வகத்தில் புற்றுநோய் செல்களை வளர்த்துப் பார்க்கிற வேலை. அதனால் கண்ணால் பார்த்த ஒன்றிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஏ549 என்று ஒரு செல் வகை உண்டு. 1972இல் 58 வயதுக்காரர் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்தது, இன்றும் ஆய்வகங்களில் வளர்ந்துகொண்டிருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் தளக்கல் பதித்த மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதில் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தை மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் கணக்கில் சேர்த்து இரண்டு நாள் இன்குபேட்டரில் விட்டுவிட்டு எடுத்தேன். முதல் தடவை, யாரோ தட்டை மாற்றி வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். செல்கள் நீளநீளமாக இழுபட்டு, பக்கத்துச் செல்லோடு இருந்த பிடியை விட்டுவிட்டு, ஆளுக்கொரு திசையில் நின்றன.

அந்த இரண்டு நாளில் அவற்றின் டிஎன்ஏ எழுத்துகள் மாறிப்போய்விடவில்லை. எந்த மரபணு வேலை செய்கிறது, எது சும்மா கிடக்கிறது என்பதுதான் மாறியது. மரபணு இயக்கம் என்பது இதுதான்.

செல்களை ஒட்டிவைக்கிற பசை மாதிரி ஈ-கேட்ஹெரின் என்று ஒரு புரதம் இருக்கிறது. ஸ்நெயில், ஜெப்1 போன்ற புரதங்கள் அதை உண்டாக்கும் மரபணுவின் மேல் உட்கார்ந்து அதை அடக்கிவிட்டால் பசை குறைந்துபோகும், செல் கழன்றுகொள்ளும். தாய் வயிற்றில் கரு உருவாகும்போது செல்கள் இடம்விட்டு இடம் நகர்வதும் இதே ஏற்பாட்டில்தான், புற்றுநோய் அந்தப் பழைய வித்தையைத் தூசி தட்டி எடுத்துக்கொள்கிறது. அதோடு, டிஜிஎஃப்-பீட்டாவை நிறுத்திவிட்டால் செல்கள் மெதுவாகப் பழைய உருவத்துக்கே திரும்பும். பரவும் செல்லுக்கு இது மிகவும் வசதி. கூடு விட்டுக் கூடு பாய்ந்தால் மட்டும் போதாதே, போன கூட்டில் குடியிருந்து பெருகவும் வேண்டும், அதற்குப் பிடி திரும்பத் தேவைப்படுகிறது. (ரத்தத்தில் இறங்கும் செல்களில் பெரும்பாலானவை வழியிலேயே செத்துவிடுகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

அப்புறம் அடையாளம் சம்பந்தப்பட்ட ஒன்று. நுரையீரல் செல்லை நுரையீரல் செல்லாகவே வைத்திருக்கும் மரபணுக்களில் முக்கியமானது என்கேஎக்ஸ்2-1. எலிகளில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், இதன் இயக்கம் குறைந்த கட்டிகள் தாங்கள் யார் என்பதையே மறந்த மாதிரி ஆகி, அதிகமாகப் பரவின. ஆனால் மனிதர்களில் கதை இவ்வளவு நேராகப் போவதில்லை. மூளையில் ஒரு கட்டி வந்தால் அது நுரையீரலிலிருந்து வந்ததா என்று பார்க்கச் செய்யும் டிடிஎஃப்-1 சோதனை தேடுவது இதே மரபணுவின் புரதத்தைத்தான்! அதாவது பரவிய பிறகும் பல கட்டிகளில் அது இயங்கிக்கொண்டே இருக்கிறது. எலி ஆய்வுச் செய்தியைப் படித்துவிட்டு யாராவது உங்களைப் பயமுறுத்தினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். அதில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்று இருந்தால், அவை கட்டியை வளர வைக்கும் மாற்றங்கள். எதற்கு எந்த மாத்திரை கேட்கும் என்று முடிவெடுக்கத்தான் முக்கியமாக அந்தச் சோதனையைச் செய்கிறார்கள். ஈஜிஎஃப்ஆர் மாற்றங்களில் பொதுவாகக் காணப்படுபவற்றுக்குக் கொடுக்கும் ஒசிமெர்டினிப் மூளைக்குள்ளும் போய் வேலை செய்யும் மருந்து. அதனால் பயந்துகொண்டே பிரித்த ரிப்போர்ட் சிலருக்கு நல்ல செய்தியாகவே முடிகிறது. கட்டியை அடக்கிவைக்கும் எஸ்டிகே11 என்ற மரபணு செயலிழந்திருந்தால் கொஞ்சம் வேறு. கட்டியை வளர வைக்கும் இன்னொரு மாற்றமான கே-ராஸ் உள்ள எலிகளில் எஸ்டிகே11ஐயும் எடுத்துவிட்டால் கட்டி அதிகம் பரவியதை 2007இலேயே காட்டிவிட்டார்கள். அப்போதும் அது வாய்ப்பைக் கூட்டுகிறது என்றுதான் சொல்லலாம், தேதி குறித்துக் கொடுப்பதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மனசில்லை. பேக்1 (BACH1) என்ற புரதம் பரவலுக்கு உதவும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. வைட்டமின் ஈ போன்ற ஆன்டிஆக்சிடன்ட்கள் கொடுத்த எலிகளில் இந்த பேக்1 சிதையாமல் தங்கி, நுரையீரல் கட்டிகள் கூடுதலாகப் பரவின, 2019இல் வந்த ஆய்வு. இதுவும் எலிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1994இல் பின்லாந்தில், புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது. தடுக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். அதனால் வீட்டில் யாராவது "சத்துக்கு" என்று வாங்கிக் கொடுத்த டப்பாக்கள் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவற்றையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.