டிஸ்க் லாக்கா, செயினா? தெருவில் பைக் நிறுத்துபவர் கேட்ட கேள்வி

கேள்வி: சேலையூரில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். வீட்டுக்காரர் பார்க்கிங் தரவில்லை, அதனால் 150 சிசி பைக்கை ராத்திரி தெருவில்தான் விடுகிறேன். பகலில் தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் போட்டுவிட்டு ரயிலில் வேலைக்குப் போகிறேன். எதிர்வீட்டுப் பையன் சைடு லாக் போட்டுவிட்டுத்தான் படுத்தான், காலையில் வண்டி இல்லை. கடையில் ஒருவர் டிஸ்க் லாக் போதும் என்கிறார், இன்னொருவர் செயின் வாங்கச் சொல்கிறார். வண்டி வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது, இ.எம்.ஐ. இன்னும் முடியவில்லை. எதை வாங்குவது?

பதில்: முடிந்தால் இரண்டையும் வாங்குங்கள். இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் செயின். ஏனென்றால் டிஸ்க் லாக் என்பது பிரேக் டிஸ்க்கின் துளையில் மாட்டும் சின்னப் பூட்டு, சக்கரத்தை உருளவிடாமல் பிடிக்கும், அவ்வளவுதான். வண்டியை அந்த இடத்தோடு சேர்த்துக் கட்டாது. உங்கள் பைக் 140, 150 கிலோ இருக்கும். மூன்று பேர் சேர்ந்தால் அதைத் தூக்கிக் குட்டி யானையில் ஏற்றிவிடலாம். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நிற்கிற வண்டிக்கு இதுதான் பெரிய ஆபத்து.

எதிர்வீட்டுப் பையன் மேல் தப்பில்லை. சைடு லாக் என்பது ஸ்டியரிங்குக்குள் போய் உட்காருகிற ஒரு சின்னப் பின். ஹேண்டிலைப் பிடித்து முழு பலத்தோடு ஒரு பக்கமாக உதைத்தால் அந்தப் பின்னோ அது உட்காருகிற இடமோ உடைந்துவிடும். அதன் பிறகு திருடன் இன்ஜினைக் கிளப்பக்கூடத் தேவையில்லை. பெட்ரோல் தீர்ந்துபோனால் நண்பர் பக்கத்தில் வந்து காலால் தள்ளிக்கொண்டு போவார் இல்லையா, அதே மாதிரி இரண்டு பேர் நாலு தெரு தள்ளிக் கொண்டுபோய்விட்டு, வயர் வேலையை அங்கே நிதானமாகப் பார்த்துக்கொள்வார்கள். அதற்காக சைடு லாக்கைப் போடாமல் விடாதீர்கள், அதை மட்டும் நம்பாதீர்கள் என்கிறேன்.

சரி, செயின். கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் உறை போட்ட வயர் லாக்காக இருக்கும். பார்க்கக் கட்டை விரல் தடிமன் இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது முறுக்கிய மெல்லிய கம்பிகள், நல்ல கட்டர் சில நொடிகளில் அறுத்துவிடும். அதை ஹெல்மெட்டைக் கட்டி வைக்கப் பயன்படுத்துங்கள், பைக்குக்கு வேண்டாம். உங்களுக்குத் தேவை உறுதியேற்றிய எஃகில் செய்த செயின், வளையங்கள் சதுரமாகவோ அறுகோணமாகவோ இருந்தால் நல்லது. 8 மில்லிமீட்டர் வளையத்தைக் கையால் இயக்கும் பெரிய கட்டரே வெட்டிவிடும், 10 மில்லிமீட்டர் ஓரளவு தாக்குப்பிடிக்கும், 13க்கு மேல் போனால் கைக் கட்டர்காரன் திரும்பிப் போகவே வாய்ப்பு அதிகம். ஆனால் 13 மில்லிமீட்டர் செயின் ஒரு மீட்டருக்கே மூன்று, நான்கு கிலோ வரும். அதைத் தினமும் தூக்கிக்கொண்டு அலைய முடியாது, அலையவும் வேண்டாம். வீட்டு வாசலிலேயே பூட்டி வைத்துவிட்டுப் போங்கள், ராத்திரிக்கு அது, பகலுக்கு டிஸ்க் லாக்.

உண்மையிலேயே உறுதியேற்றியதா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் ஒரு சின்ன அரம் இருந்தால் கேட்டு வாங்கி, கண்ணில் படாத ஒரு வளையத்தில் லேசாக இழுத்துப் பாருங்கள். நல்ல எஃகில் அரம் வழுக்கும். சாதா இரும்பில் கடித்துக்கொண்டு தூள் விழும். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள். பூட்டையும் மறக்காதீர்கள். தடிமனான செயினை வாங்கி அதில் பெட்டிக்குப் போடும் ஒல்லிப் பூட்டை மாட்டினால், திருடன் செயினைத் தொடவே மாட்டான். பூட்டின் வளைவும் செயின் அளவுக்குத் தடிமனாக இருக்க வேண்டும், அதில் முடிந்த வரை குறைவான பகுதி வெளியே தெரிய வேண்டும்.

எங்கே, எப்படிக் கட்டுகிறீர்கள் என்பதில்தான் பாதி பாதுகாப்பு. நல்ல செயின் வாங்கியவர்கள்கூட இதில் கோட்டை விடுகிறார்கள். பின் சக்கரத்தின் அலாய் வழியாக விட்டு ஸ்விங் ஆர்மையும் (பின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை) சேர்த்துச் சுற்றுங்கள், செயின் நீளம் இருந்தால் சேசிஸையும் சேருங்கள். லெக் கார்டில் கட்டாதீர்கள், நாலு போல்ட்டைக் கழற்றினால் லெக் கார்டு உங்களுக்கு, வண்டி அவர்களுக்கு. ஸ்போக் வீலில் ஸ்போக்கை மட்டும் பிடித்துக் கட்டுவதும் வீண். செயின் தரையில் கிடக்கவே கூடாது. தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கையைத் தரையில் ஊன்றி இன்னொரு கை மேல் ஏறி நின்று மொத்த உடல் எடையையும் போடலாம், சுத்தியலால் அடிப்பதும் சுலபம். தொய்வில்லாமல், தரையிலிருந்து மேலே, பூட்டின் சாவித்துளை கீழ்ப்பார்வையாக இருக்கும்படி கட்டுங்கள்.

எதோடு கட்டுவது? வீட்டுக்காரரிடம் பார்க்கிங் கேட்காதீர்கள், காம்பவுண்டு சுவர் அடியில் கான்கிரீட்டில் பதித்த ஒரு இரும்புக் கொக்கிக்கு அனுமதி கேளுங்கள். அரை நாள் கொத்தனார் வேலை, பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். கேட்டில் கட்டுவதாக இருந்தால், கீலிலிருந்து தூக்கினால் கேட் கையோடு வருகிறதா என்று பாருங்கள். தெருவில் இருக்கும் ஈ.பி. கம்பத்தில் மட்டும் தயவுசெய்து கட்டாதீர்கள். மழைக்காலத்தில் கசிவு இருந்தால் போவது பைக் இல்லை, உயிர்.

டிஸ்க் லாக்குக்கு வருவோம். முன் டிஸ்க்கில், காலிபரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பகுதி) ஒட்டினாற்போல் போடுங்கள், சக்கரம் கால் சுற்றுகூட உருளக் கூடாது. வாங்கும் முன் உங்கள் டிஸ்க்கின் துளைக்குள் பின் நுழைகிறதா என்று வண்டியிலேயே வைத்துப் பாருங்கள், அளவு மாடலுக்கு மாடல் மாறும். ஸ்டேஷன் ஸ்டாண்டுக்கு அலாரம் வைத்ததை வாங்கலாம், ஆட்கள் நடமாடும் இடத்தில் அந்தச் சத்தத்துக்கு மதிப்பு உண்டு. அதன் பட்டன் பேட்டரியை மட்டும் மழைக்காலத்துக்கு முன் மாற்றிவிடுங்கள். டிஸ்க் லாக்கில் நிஜமான ஆபத்து நம் மறதிதான்: பூட்டோடு வண்டியைக் கிளப்பினால் டிஸ்க் வளையும், காலிபர் உடையும், நீங்களும் விழுவீர்கள். பூட்டிலிருந்து ஹேண்டில் வரை இழுத்து மாட்டும் சுருள் வயரை ஒருநாளும் மாட்டாமல் விடாதீர்கள். ஸ்டாண்டில் ஓரத்தில் நிறுத்தாமல் நடு வரிசையில் விடுங்கள். தினமும் கூட வரும் நண்பர் இருந்தால் இரண்டு வண்டியையும் ஒரே செயினில் கோர்த்துவிடுங்கள், 300 கிலோவைத் தூக்குவது அவ்வளவு எளிதில்லை.

வட்டக் குழாய் போன்ற சாவி வரும் மலிவுப் பூட்டுகளைத் தவிருங்கள். 2004ல் அமெரிக்காவில் கிரிப்டோனைட் கம்பெனியின் அந்த வகைப் பூட்டுகளை ஒரு சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் குழாயை நுழைத்தே திறந்து காட்டினார்கள், கம்பெனி பெரிய அளவில் பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. வெளிநாட்டுப் பூட்டு வாங்குவதானால் பிரிட்டனின் சோல்டு செக்யூர், நெதர்லாந்தின் ஏ.ஆர்.டி. தரச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இரும்பு அறுக்கும் பேட்டரி கிரைண்டர் சாதாரணச் செயின் எதையும் அறுத்துவிடும், அதையே சமாளிக்கும் லைட்லாக், ஹிப்லாக் மாதிரிப் பூட்டுகளும் இருக்கின்றன, ஆனால் அந்த விலை உங்கள் வண்டிக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. குடியிருப்புத் தெருவில் நடு ராத்திரி அந்தச் சத்தத்தையும் தீப்பொறியையும் கிளப்பத் துணிபவர்கள் குறைவு. ஜி.பி.எஸ். கருவி நல்லதுதான், ஆனால் அது திருட்டுக்குப் பிறகு உதவுவது. பூட்டு வாங்கிய பிறகு மிச்சம் இருந்தால் போடுங்கள்.

சாவித்துளையில் தேங்காய் எண்ணெயோ இன்ஜின் ஆயிலோ விடாதீர்கள், தூசி ஒட்டிக் கெட்டியாகிவிடும். கிராஃபைட் தூள் போதும்.

கடைசியாக இன்ஷூரன்ஸ், இதில் உங்கள் நிலைமை எனக்குக் கவலையாகவே இருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து புது டூவீலருக்கு ஐந்து வருட தேர்ட் பார்ட்டி பாலிசி (உங்கள் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் இழப்புக்கானது) கட்டாயம், அதனால் 'அஞ்சு வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு' என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருட்டுக்குப் பணம் தருவது தேர்ட் பார்ட்டி இல்லை, உங்கள் சொந்த வண்டிக்கான ஓன் டேமேஜ் பகுதி. அது வழக்கமாக முதல் வருடத்தோடு முடிந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஒன்றரை வருடம் என்கிறீர்கள். அது முடிந்திருந்து வண்டியும் போனால், இ.எம்.ஐ. மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். பாலிசியை எடுத்து அந்தப் பகுதியின் கடைசித் தேதியைப் பாருங்கள், போயிருந்தால் ஓன் டேமேஜை மட்டும் தனியாக வாங்கலாம், 2019 செப்டம்பரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. க்ளெய்முக்கு வண்டியின் இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்பார்கள். இரண்டாவது சாவியை வண்டியின் டூல் பாக்ஸிலோ ஆபீஸ் டிராயரிலோ போட்டிருந்தால் எடுத்து வந்து வீட்டு பீரோவில் வையுங்கள். ஒருவேளை வண்டி போய்விட்டால், இரண்டு நாள் தேடிப் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் கடன் கொடுத்த பேங்குக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.